வீட்டுக்குள் ஓர் ஆல்



புத்தளத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருவீதியில், கற்பிட்டிக்கு வழி பிரியும் இடத்தில் பாலாவி என்னும் ஊர் உள்ளது. மன்னார்ப் பகுதியில் திருக்கேதீச்சரத்துத் தீர்த்தமாகிய பாலாவி வேறு. இது புத்தளம் களப்பை அடுத்த ஊர். இங்கே உப்பு விளைவிக்கப்படுகின்றது. பாத்தி கட்டி, களப்பு நீரைப் பாய்ச்சி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிடுவர். நீர் ஆவியாகிப் போக, உப்பு எஞ்சி நிற்கும். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளோ, வீட்டுக்குள் சாடியில் வளர்க்கும் ஆல். உப்பளத்துக்கும் ஆலுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். அத்தொடர்பை அறியாமையினாலேயே இக்கரையோர வீடுகளில் அழகிய செடிகள் பல மாண்டு போகின்றன.

ஆல், அரசு, அத்தி, இத்தி யாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் இதில் எண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இவ்வினத்து மரத்தைக் கலத்தில் வைத்துப் பேணுவது நமது தீவுக்குப் புதிதன்று. அநுராதபுரத்து அரச மரத்தின் கிளை, கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே, பொற்கலத்தில் வைத்துக் கடல்வழியாகக் கொண்டுவரப்பட்டது என்று மகாவம்சம் கூறுகின்றது. இக்காலத்து வீடுகளிற் பெரிதும் காணப்படுபவை மூன்று. சிறிய இலைகளும் தாழ்ந்து தொங்கும் கிளைகளும் உடையது பெஞ்சமினா. தடித்துப் பளபளக்கும் பேரிலை உடையது இறப்பர்ச் செடி. வயலின் வடிவான இலையுடையது மூன்றாவது. அதன் தாயகம் மேற்கு ஆபிரிக்கா. இறப்பர்ச் செடி என்றவுடன் நமது தோட்டங்களிற் பால் வெட்டும் இறப்பர் மரத்தை எண்ணிவிடலாகாது. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த வேறோர் இனம். அது வருமுன் அசாம் காடுகளில் இந்த ஆலின் பாலிலிருந்தே இறப்பர் எடுத்தனர். பெயர் அதனால் நிலைத்தது.

இச்செடிகளைப் பேணும் முறைகளைக் கூறும் நூல்கள் பல, குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் வெளிச்சம் குறையும், அறையைச் சூடாக்குவதாற் காற்று வறளும் என்றெல்லாம் அவை எச்சரிக்கும். புத்தளக் கரையில் வெப்பத்துக்குக் குறைவில்லை, ஒளிக்கும் குறைவில்லை. இங்கே முதலில் ஐயுற வேண்டியது கிணற்று நீரையே. அறுவைக்காட்டிலிருந்து பாலாவிச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கொண்டுவரப்படுகின்றது என்றால், இந்நிலப்பகுதியின் அடியில் இருப்பது யாது என்பது விளங்கும். ஆதலால் நீர் கடினமானது. களப்பை அணுக அணுகப் பல கிணறுகளில் உவர்ப்பும் சேர்கின்றது.

இந்நீரைச் சாடியில் ஊற்றினால் நிகழ்வது என்ன? வேரும் காற்றும் நீரைக் கொள்ளுகின்றன. கரைந்திருந்த உப்பின் பெரும்பகுதி மண்ணிலே தங்கிவிடுகின்றது. மறுநாள் ஊற்றும் நீர் மேலும் சிறிது உப்பைச் சேர்க்கின்றது. சில திங்களில் அச்சாடி ஒரு சிற்றுப்பளம் ஆகிவிடும். மண்ணில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச இயலாது. மண் ஈரமாயிருக்கும், இலையோ வாடும். முதலில் இலையின் நுனி கருகும். பின் ஓரம் முழுதும் பழுப்பாகும். மண்ணின் மேலும் சாடியின் விளிம்பிலும் வெண்மையான படிவு தோன்றும். இதைக் காணும் இல்லத்தார், தண்ணீர் போதவில்லை என்று கருதி, அதே கிணற்று நீரை மேலும் ஒரு வாளி வார்ப்பர். அன்பினாற் செய்யும் அச்செயலே செடியின் முடிவை விரைவாக்குகின்றது.

இதற்குப் பரிகாரம் உண்டு. சாடியின் அடியில் துளை இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, சாடியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நல்ல நீரை மெல்ல மெல்ல ஊற்றி, அது அடித்துளையால் முற்றாக வெளியேறும்படி விடுதல் வேண்டும். பத்து லீற்றர் கொள்ளும் சாடியாயின் இருபது லீற்றர் நீர் தேவை. வெண்படிவு தடித்திருந்தால் முதலில் அதனைச் சுரண்டி அகற்றுக. வடிந்த நீரைத் தட்டில் தேங்கவிடலாகாது; தேங்கினால் அவ்வுப்பே மீண்டும் மேலேறும்.

நல்ல நீருக்கு எங்கே போவது? இப்பகுதியிற் பல குடும்பங்கள் குடிப்பதற்கே சுத்திகரித்த நீரை விலைகொடுத்து வாங்குகின்றன. அந்நீரைச் செடிக்கு வார்க்குமாறு நான் சொல்லமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்யும்போது கூரை நீரைத் தாங்கியிற் பிடித்து வைக்கலாம். மேகம் மூடிய ஒரு நாளிற் சாடியையே முற்றத்தில் வைத்து, மழையால் மண்ணைக் கழுவி, மறுபடி பழைய இடத்திலேயே வைத்துவிடலாம். குளிரூட்டி உள்ள வீடுகளில் அதிலிருந்து சொட்டும் நீரும் ஏறக்குறைய உப்பற்றதே. கிணற்று நீரைக் காய்ச்சி ஆற்றினால் உப்பு நீங்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். காய்ச்சினால் கடினத்தின் ஒரு பகுதி படியுமேயன்றி உவர்ப்பு நீங்காது. நீர் வற்ற வற்ற அது மிகவே செய்யும். அதே கிணற்று நீரில் அரிசி கழுவி ஊற்றுவதாலும் இக்குறை தீராது.

இனி மண். கடற்கரை மணலைச் சாடியில் இடவே கூடாது. தென்னை வளம் மிக்க இம்மாவட்டத்தில் தும்புத்தூள் எளிதிற் கிடைக்கும். அது ஈரம் காக்கும் நல்ல பொருள். ஆயினும் மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் அத்தூளிலும் உப்பு இருக்கும். ஆதலால் நல்ல நீரில் பல முறை அலசிப் பிழிந்த பின்னரே தோட்ட மண்ணோடும் மக்கிய எருவோடும் கலக்க வேண்டும். உரத்தை மிகுதியாக இடுவதும் உப்பிடுவதற்கு ஒப்பாகும். வாடிய செடிக்கு உரம் வேண்டாம். அது தளிர்த்த பின் சிறிதளவு போதும்.

இலை உதிர்வதெல்லாம் உப்பினால் என்று முடிவு கட்டுவதும் தவறு. அடியிலைகள் மஞ்சளித்து, மண் எப்பொழுதும் சதசதவென்று இருந்து, தீய நாற்றமும் வீசினால் வேர் அழுகுகின்றது என்று அறிக. விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் வார்க்க வேண்டும். நாள் குறித்து ஊற்றுவது நன்றன்று. இலை சுருண்டு மொறுமொறுத்து உதிர்ந்தால், மண்ணும் உலர்ந்திருந்தால், அது உண்மையான தாகம்.

பச்சை இலைகள் திடீரெனக் கொட்டினால், அண்மையில் இடம் மாற்றப்பட்டதா என்று நினைத்துப் பாருங்கள். பெஞ்சமினா இடமாற்றத்தைப் பொறாது. விற்பனைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தவுடனும், விறாந்தையிலிருந்து அறைக்குள் சென்றவுடனும் இலைகளை உதிர்த்துவிடும். அப்பொழுது நீரைப் பெருக்காது, வேறிடம் தேடி அலையாது, வெளிச்சமுள்ள யன்னல் ஓரத்தில் அதனை நிலையாக விட்டுவிடுங்கள். காலை வெயில் சற்றுப் படலாம். நண்பகல் வெயில் வேண்டாம். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் தென்மேற்குக் காற்று நேரே படும் யன்னலையும், மின்விசிறி, குளிரூட்டி ஆகியவற்றின் நேர்முகத்தையும் தவிர்த்தல் நன்று. கொம்பின் தோலை நகத்தாற் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை இருந்தால் உயிர் உண்டு. சில வாரங்களில் புதுத் தளிர் வரும்.

இலையிற் பிசுபிசுப்பும் எறும்பு வரிசையும் காணப்பட்டால், இலையின் அடியிலும் கணுக்களிலும் செதிற்பூச்சியும் வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சியும் ஒட்டியிருக்கும். மென்மையான சவர்க்கார நீரில் நனைத்த துணியால் அவற்றைத் துடைத்து, வாரம் ஒருமுறை மீண்டும் பார்த்தால் அடங்கிவிடும். கற்பிட்டி வீதியின் புழுதியும் கடற்காற்றின் உப்பும் இலைமேற் படிவதால், பூச்சி இல்லாவிடினும் மழைநீர் தோய்ந்த துணியால் துடைப்பது நலம். கிளை வெட்டும்போது வடியும் பால் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். கண்ணிற் படாது காத்துக்கொள்ளுங்கள். சிறுவர் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. சாடிக்கு அடங்காது வளர்ந்ததென்று இம்மரத்தை வீட்டுச் சுவரை ஒட்டியோ கிணற்றருகிலோ நட்டுவிடாதீர்கள். பேராதனைப் பூங்காவின் பெரும் புற்றரையிற் குடையென விரிந்து நிற்கும் மாமரமும் இந்தப் பெஞ்சமினாவே. அதன் வேர் சுவரையும் நீர்க்குழாயையும் பிளக்கும் ஆற்றல் உடையது. சாடியிலேயே வைத்திருக்க விரும்பினால், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேரைச் சிறிது கத்தரித்து, இரண்டு அங்குலம் அகன்ற சாடிக்கு மாற்றி, கிளையையும் அளவாக வெட்டிவிடலாம்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுச் செடி இலை உதிர்க்கும்போது வாளியை எடுக்குமுன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். சாடியின் விளிம்பை நோக்குங்கள். இலையைப் புரட்டிப் பாருங்கள். கிணற்று நீரை நாவில் ஒரு துளி இட்டும் பாருங்கள். உங்கள் நாவுக்கு அது கரித்தால் வேருக்கும் அது ஆகாது. வரும் ஐப்பசி மழைக்கு முன்பே கூரைப் பீலியைத் துப்புரவாக்கி, ஒரு தாங்கியை அதன் கீழ் வைத்துவிட்டால், அடுத்த கோடை முழுதும் அந்த ஆல் பச்சையாக நிற்கும்.