பதிமூணாவது உறுப்பினர்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீடு, மாடு, குழு, இதுதான் என் உலகம். "ஏஐ பத்தி நீ பேசும்மா"ன்னு தலைவி அக்கா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எங்கள் குழுவில் நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் வந்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் 12 பேர். முறுக்கு, அதிரசம், சத்துமாவு செய்து விற்கிறோம். வேலைப் பேச்சு எல்லாம் டெலிகிராம் குரூப்பில்தான். சாமான் கொடுக்கிற மளிகைக்கடை அண்ணனும் அதில் இருக்கிறார். ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வரும். "டீச்சரம்மாவுக்கு 2 கிலோ"ன்னு ஒண்ணு வந்தால், காலை வணக்கம் பூப்படம் பத்து வரும். ராத்திரி சோறாக்கி முடிச்சு, அதைத் தேடித் தேடி நோட்டில் ஏத்துறது பிரதிநிதியான என் வேலை. எத்தனையோ ஆர்டர் கண்ணில் படாமல் போயிருக்கு. திட்டும் வாங்கியிருக்கேன்.

என் நாத்தனார் மகள் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். "அத்தை, உங்க குரூப்பில் ஒரு ஏஐ ஏஜென்டைச் சேர்த்துவிடறேன், அது எழுதிக்கும்"னு சொன்னாள். எப்படின்னு கேட்டேன். டெலிகிராமிலேயே பாட்ஃபாதர்னு ஒண்ணு இருக்கு. அதுகிட்ட கேட்டால் ஒரு பாட் உண்டாக்கி, டோக்கன்னு நீளமான ரகசியக் குறி ஒண்ணு கொடுக்கும். அதுதான் சாவி. அந்தச் சாவி யார் கையில் இருக்கோ, அவங்க சொன்னபடி பாட் ஆடும். பாட் என்பது காதும் வாயும் மட்டும்தான். மூளை, அதாவது ஏஐ, எங்கேயோ ஒரு கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கு. ரெண்டுக்கும் நடுவில் அவள் எழுதின புரோகிராம். நாம் போடுகிற மெசேஜை அது ஏஐகிட்ட கொண்டுபோகும். ஏஐ சொன்னதை ஆர்டர் பட்டியலில் ஏத்தும். குரூப்பில் பதிலும் போடும். பேச்சோடு நின்றால் அது வெறும் பாட். வேலையும் செய்து முடித்தால் அது ஏஜென்ட். எங்களுக்குப் பதிமூணாவது உறுப்பினர் வந்த மாதிரி இருந்தது.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். குரூப்பில் சேர்க்கிற பாட், தானாக எல்லா மெசேஜையும் படிக்காது. அதுக்குன்னு போடுகிற கட்டளையையும், அதுக்குக் கொடுக்கிற பதிலையும் மட்டும்தான் படிக்கும். டெலிகிராம் அப்படித்தான் வச்சிருக்கு. "வயசான அக்காங்களுக்கு அதெல்லாம் போட வராது, எல்லாத்தையும் படிக்கட்டும்"னு சொல்லி அந்தப் பூட்டைத் திறக்கச் சொன்னவள் நான்தான். ஆர்டரை உறுதி பண்ணவும் அதுக்கே அதிகாரம் கொடுத்தேன்.

மூணு வாரம் பிரமாதமாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், புதுசாகச் சேர்ந்த மருமகப் பொண்ணு ஒருத்தி, "கல்யாணத்துக்கு 30 கிலோ முறுக்கு கேக்குறாங்க, குடுக்கலாமா"ன்னு போட்டாள். அவள் கேட்டது யோசனை. ஏஜென்ட் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டது. "30 கிலோ உறுதி. பச்சரிசி 24 கிலோ, உளுந்து 6 கிலோ, எண்ணெய் ஒரு டின் தேவை"ன்னு குரூப்பில் போட்டுவிட்டது. கடைக்கார அண்ணன் அதைப் பார்த்து, மறுநாள் விடியறப்பவே சாமானை ஆட்டோவில் ஏத்தி அனுப்பிட்டார். நாலாயிரத்துக்கு மேல பில். கல்யாண வீட்டுக்காரங்களோ வேற இடத்தில் பேசி முடிச்சிட்டாங்க.

எல்லாரும் அந்தப் பொண்ணு மேலே பாய்ந்தோம். அவள் வீட்டிலும் பேச்சு. "நான் குழுவை விட்டே நின்னுக்கிறேன் அக்கா"ன்னு என் வாசலில் வந்து அழுதாள். மெசேஜைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அவள் எழுதினதில் ஒரு தப்பும் இல்லை. என் மேலே இருந்த தப்புக்கு அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று நான்தான் காரணம்னு சொன்னேன். சாமானைத் தீபாவளி ஆர்டருக்கு வச்சுக்கிட்டோம். அப்போ எங்க ஊக்குநர் அக்கா ஒண்ணு கேட்டாங்க: "ஏம்மா, பேங்கில் நூறு ரூபாய் எடுக்கக்கூட ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னு வச்சிருக்கோம். நேத்து வந்த மெஷினுக்குத் தனியா முடிவெடுக்க விட்டோமே, எந்தத் தீர்மானத்தில் எழுதினோம்?" யாரிடமும் பதில் இல்லை.

அன்னைக்குத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினதை இங்கே சொல்றேன்.

ஒண்ணு, ஆர்டருக்குத் தனி குரூப். பாட் அதில் மட்டும் இருக்கும், கூப்பிட்டால் மட்டும் கேட்கும். பழைய குரூப்பில் நாம் என்னென்ன பேசறோம்? யார் தவணை பாக்கி, யார் வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தார், எல்லாம்தான். அத்தனையும் வெளியில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று பிறகுதான் உறைச்சது.

ரெண்டு, பாட் எழுதலாம், முடிவு பண்ணக் கூடாது. "இப்படி ஒரு ஆர்டர், சரியா?"ன்னு கேட்கும். ஊக்குநர், பிரதிநிதிகள் மூணு பேரில் ரெண்டு பேர் அவங்கவங்க போனிலிருந்து "சரி" போட்டால்தான் பட்டியலில் ஏறும். கடைக்காரர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சாமான் அனுப்புவார். இதை ஏஐகிட்ட சொல்லி மட்டும் வச்சால் போதாது. யாரோ அனுப்பின ஃபார்வர்டு மெசேஜில் "இதைச் செய்"னு இருந்தால், அதை நம்ம உத்தரவுன்னு அது எடுத்துக்கலாம். அதனால் அந்தப் பூட்டைப் புரோகிராமிலேயே போடச் சொல்லிட்டோம்.

மூணு, பேங்க் கணக்கு, கடன் லெட்ஜர், ஆதார், ஓடிபி எதையும் அது பக்கம் காட்டுறதில்லை.

நாலு, டோக்கனை எந்த குரூப்பிலும் போடக் கூடாது. வெளியே போயிட்டதுன்னு சந்தேகம் வந்தால், அன்னைக்கே பாட்ஃபாதரில் பழசை ரத்து பண்ணிப் புதுசு வாங்கணும். அந்த வழியை நானும் கற்றுக்கொண்டேன்.

அஞ்சு, நோட்டு நோட்டுதான். வாரக் கூட்டத்தில் பட்டியலையும் நோட்டையும் ஒத்துப் பார்க்கிறோம்.

இப்போ ராத்திரி ஒன்பது மணிக்கு அன்றைய ஆர்டர் எல்லாம் ஒரே மெசேஜில் வந்து நிக்குது. எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்றேன். அந்த மருமகப் பொண்ணு குழுவிலேயே இருக்காள். "சரி" போடுகிற மூணு பேரில் இப்போ அவளும் ஒரு பிரதிநிதி.

தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்திலிருந்து, கூடிப் பேசி, எழுதி வச்சு, கையெழுத்துப் போட்டுத்தான் நாம் வளர்ந்திருக்கோம். உங்க குழுவிலும் நாளைக்கு யாராவது, "ஒரு பாட் சேர்த்துவிடறேன்"னு வருவாங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க. புது உறுப்பினர் சேரும்போது கேட்கிற மாதிரி கேளுங்க: நீ எதைப் படிப்பே, எதைச் செய்வே, யாரைக் கேட்டுச் செய்வே? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கிட்டு அப்புறம் சேருங்க.