குறட்டையும் இரத்தக் கொதிப்பும்

(யூபிலி விழாவையொட்டி நமது பங்கில் நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேச வருகிற டாக்டர்கள் உப்பில் ஆரம்பித்து ஊறுகாய், கருவாடு என்று முடிப்பது வழக்கம். அதைப் பல தடவை கேட்டிருப்பீர்கள். ஆகவே இன்று இரவு நேரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒருவர் குறட்டை விட்டால், 'ஆள் கவலையில்லாமல் தூங்குகிறார், கும்பகர்ணன்தான்' என்கிறோம். ஆனால் அவரே காலையில் எழுந்ததும் தலை கனக்கிறது என்பார். பிரசங்கத்தின்போது தூங்கி விழுவார். (அது எப்போதும் பிரசங்கத்தின் குற்றம் என்று சொல்ல முடியாது, சாமியார் என்னை மன்னிக்க வேண்டும்.) இரண்டு மூன்று வகை மாத்திரை விழுங்கியும் அழுத்தம் 160-க்குக் கீழே இறங்காது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும்.

பகலெல்லாம் ஏறியிருக்கும் இரத்த அழுத்தம் நல்ல உறக்கத்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இறங்க வேண்டும். இருதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கிற ஓய்வு அதுதான். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்வது இயற்கை. சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, மூச்சுப் போகும் வழியை அடைத்துவிடுகின்றன. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கும் மேலே மூச்சு நின்றுவிடும். இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி உடம்பை உலுக்குகிறது, குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் குபீரென்று ஏறுகிறது. மனிதர் ஒரு பெருமூச்சோடு புரண்டு படுத்து மறுபடியும் குறட்டையை ஆரம்பிப்பார். தாம் விழித்ததே அவருக்குத் தெரியாது. நோய் முற்றியவர்களுக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கிறது. இறங்க வேண்டிய நேரத்தில் ஏறிப் பழகிய அழுத்தம் நாளடைவில் பகலிலும் இறங்குவதில்லை. இந்த நோய்க்கு உறக்க மூச்சுத்தடை என்று பெயர்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 709 பேரை நான்காண்டுகள் கவனித்து, 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மணிக்குப் பதினைந்து தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டவர்களுக்கு, தடையே இல்லாதவர்களைவிட இரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. உடல் பருமனைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அப்படித்தான். 2003-இல் அந்நாட்டு நிபுணர் குழு, இரத்த அழுத்தத்துக்குக் கண்டுபிடிக்கக்கூடிய காரணங்களை வரிசைப்படுத்தியபோது மூச்சுத்தடையையும் அதில் சேர்த்தது.

குண்டாக இருப்பவர்களுக்கும் கழுத்துப் பெருத்தவர்களுக்கும் இது அதிகம். ஆனால் ஒல்லியானவர்கள் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். தாடை சிறுத்தவர்களுக்கும் வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு கூடுதலாக வருகிறது. குறட்டை விடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டே நம் தாய்மார்கள் பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தூக்கம் சரியில்லை என்று சிலர் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். சிலர் 'கொஞ்சம் போட்டால் தூக்கம் வரும்' என்று சாராயக் கடைப் பக்கம் போகிறார்கள். தூக்கம் வருவது உண்மை. தொண்டை இன்னும் தளர்ந்து மூச்சு இன்னும் நேரம் நிற்பதும் உண்மை.

வைத்தியம் உண்டா என்றால், உண்டு. உடம்பு இளைத்தாலே பலருக்குப் பாதி குறைகிறது. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு உதவும். நோய் முற்றியவர்களுக்கு, மூக்கின் மேல் கவசம் வைத்துக் காற்றை மெல்ல அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிற கருவி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981-இல் அறிமுகப்படுத்தியது. கருவி வைத்துக்கொண்டோம், இனி மாத்திரை எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் அழுத்தம் குறைவது சராசரியாக இரண்டு மூன்று புள்ளிகள்தான்; மாத்திரை தொடர வேண்டும். ஆனால் பகல் தூக்கம் போய்விடும். டிராக்டரும் வேனும் ஓட்டுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி, மூச்சுத்தடை இல்லாமலே உறக்கத்தை இழப்பவர்கள். நெய்வேலி சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் மூன்று ஷிப்டு. சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலையில் அரவைப் பருவத்தில் இரவும் பகலும் வேலை. சம்பா அறுவடை முடிந்தால் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லுக்குக் காவலாகப் பனியில் படுத்துக் கிடக்கிறோம். வேறு ஷிப்டு கேள் என்றோ, நெல்லை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்றோ சொல்ல எனக்கு வாய் வராது. பிழைப்பு அப்படி. ஆனாலும், 32 முதல் 59 வயதுக்குள் இருந்தவர்களை எட்டுப் பத்தாண்டுகள் கவனித்து 2006-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், தினம் ஐந்து மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கினவர்களுக்கு அழுத்த நோய் வந்தது ஏறக்குறைய இரு மடங்கு. ஆகையால் இரவு வேலை முடிந்து வருகிறவரைக் காலையில் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விரட்டாதீர்கள். ஓர் அறையை இருட்டாக்கி, தொலைக்காட்சியை நிறுத்தித் தூங்க விடுங்கள். செல்போனை அவரே வாங்கி வெளியே வைக்கட்டும்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறீர்கள், பகலில் அரைத் தூக்கம். பொருத்தனை நாட்களில் மாத்திரையை நிறுத்துகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நாள் தவறிய மாத்திரையும் தூங்காத இரவும் சேர்ந்தால் அழுத்தம் துள்ளி ஏறும். பக்கவாதம் வந்து வாய் கோணிவிட்டால், நடந்து போனவரைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். மாதா கோவிலுக்கு மாத்திரையோடு போகலாம்.

மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டியே நிற்பவர்கள் நம் ஊர் அரசு மருத்துவமனையில் குறட்டையைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்கள் சிதம்பரத்துக்கு, அரசு கடலூர் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தால் தட்டாமல் போங்கள்.

கூட்டம் முடிந்ததும் கோவில் தாழ்வாரத்தில் அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆண்கள் வரும்போது வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள். இரவில் மூச்சு நிற்கிறதா என்று நான் கேட்கப்போவது அவர்களிடம்தான்.