சுவிட்சு சொல்லும் கணக்கு
ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்றும் நெருங்கும் மூலையில் இருப்பது ராமகுப்பம். இத்தகைய ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க மத்திய அரசு 2011இல் திட்டம் வகுத்தது. இழை பதித்தால் மட்டும் போதுமா? வழியிலுள்ள சுவிட்சுகளின் நலத்தைத் தொலைவிலிருந்தே நாம் அறிதல் வேண்டும்.

1988இல் வகுக்கப்பெற்ற எஸ்.என்.எம்.பி. என்னும் நெறி இதற்கு உதவுகிறது. சுவிட்சு தன் நிலையை எம்.ஐ.பி. என்னும் அட்டவணைப்படி எண்ணிட்டு வைத்திருக்கும். கேட்டதும் விடை தரும். வாயில் இயங்கினால் 1, நின்றால் 2.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 32 பிட் கணக்கி 429 கோடி பைட்டுகளைக் கடந்ததும் பூச்சியத்திற்குத் திரும்பிவிடும். நொடிக்கு 100 கோடி பிட்டு முழுவேகத்தில் பாயும் இழையில், இது 34 நொடியில் நேரும். ஐந்து நிமிடத்திற்கொருமுறை கேட்போர், நெரிசலுற்ற வழியை ஓய்ந்ததென எண்ணுவர். ஊராரின் மெய்யான முறையீடும் பொய்யாகத் தோன்றும். ஆகவே, விரைந்த வழிகளுக்கு 64 பிட் கணக்கியையே நாம் நாடுவோமாக.