யார் மூட்டிய கோபம்?



தொட்டதற்கெல்லாம் மனம் புண்படும் காலம் இது. ஒரு சினிமா வசனமோ வாட்ஸப் செய்தியோ போதும். முகம் சிவக்கிறது, விரல் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறது. அந்தக் கோபம் நம்முடையதுதானா?

திருச்செங்கோட்டை எண்ணிப் பாருங்கள். அந்த ஊரை வைத்து எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. ஊரார் பேச்சில் குன்றிப்போகும் ஒரு பெண்ணின் வேதனை. நான்கு வருஷம் யாருக்கும் வலிக்கவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று வலித்தது. எப்படி? தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவைச் சொல்லும் சில பக்கங்களை மட்டும் உருவி, நகலெடுத்து, ஊருக்குள் கொடுத்தார்கள். பொன்னாவின் கண்ணீர் அந்தத் தாள்களில் இல்லை. புத்தகம் எரிந்தது. கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் சமாதானப் பேச்சு என்று பெருமாள்முருகனை உட்காரவைத்து, ஓர் உடன்பாட்டில் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். அந்த மண்ணின் பிள்ளை, ஒரு கல்லூரி ஆசிரியர், ஊரை விட்டுச் சென்னைக்குப் போனார்.

அந்த மக்களை நான் பழிக்க மாட்டேன். தங்கள் ஊர்த் தெய்வம் அர்த்தநாரீசுவரர் மேல் அவர்கள் வைத்த பக்தி சத்தியம். உன் தாயை இழிவுபடுத்திவிட்டான் என்று ஒருவன் வந்து சொன்னால் யாருக்குத்தான் நெஞ்சு கொதிக்காது? வலி அவர்களுடையது. எந்தப் பக்கத்தைக் காட்டினால் வலிக்கும் என்று தேர்ந்தெடுத்தவன் வேறொருவன்!

2016 ஜூலை 5 அன்று, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை, அவர் மீண்டும் எழுதட்டும் என்றது. அதே ஆண்டு அவருடைய ‘பூனாச்சி’ நாவல் வந்தது.

பிறர் மூட்டும் கோபத்துக்கு இணங்காதவர்களும் உண்டு. கடலூரில் பெரியார் மேல் ஒருவன் செருப்பை எறிந்தான். வண்டியைத் திருப்பச் சொல்லி, ஜோடிச் செருப்பையும் பெரியார் தேடினார் என்பார்கள். எறிந்தவன் எதிர்பார்த்த கோபத்தை அவர் கொடுக்கவே இல்லை.

நெசவாளத் தோழர்களே, பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, குனிந்து, அறுந்த இடத்தைத் தேடுகிறீர்கள். நெஞ்சு கொதிக்கும்போதும் அப்படி நில்லுங்கள். இதை அனுப்பியவன் யார், இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று தேடுங்கள்.

‘மாதொருபாகன்’ நம் சந்தவாசல் நூலகத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முழுசாகப் படியுங்கள். அதன் பிறகும் கோபம் இருந்தால் இதே மேடைக்கு வந்து என்னோடு வாதாடுங்கள்; கேட்கக் காத்திருக்கிறேன்.