துரைசாமி என்றொரு அரசன்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போரும் இலக்கியமும் என்ற பொருளில் பேச அழைத்தபோது, யாழ்ப்பாணத்துப் போரையோ வன்னிப் போரையோ நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றைப் பற்றிப் பேச என்னிலும் தகுதி உடையவர்கள் உண்டு. நான் ஊவாக்காரன். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருப்பவர்களுக்குத் தெரியும், லுணுகலை வரையில் தேயிலை கூடவே வரும். பிறகு பாதை இறங்க இறங்க வெயில், காடு, சேனை, வயல். அந்த இறக்கத்தில் தொடங்கும் நாட்டுக்கு வெல்லஸ்ஸ என்று பெயர். இலட்சம் வயல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அங்கே 1817இல் மூண்டு, ஊவா முழுவதும் பரவி, 1818இன் முடிவில் அணைந்த ஒரு போர்தான் இன்றைய பேச்சுக்குப் பொருள்.

அந்தப் போரைப் பாடசாலையில் நானும் படிப்பித்திருக்கிறேன். பாடநூலில் அது இரண்டு தரப்புப் போர். ஒரு பக்கம் ஆங்கிலேயர், மறுபக்கம் சுதேசிகள். ஒருநாள் பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, புத்தகத்தில் இல்லாத ஒரு விபரத்தையும் சேர்த்துச் சொன்னேன். கிளர்ச்சிக்காரர்கள் அரசனாக ஏற்றவனின் பெயர் துரைசாமி என்றேன். வகுப்பு சிரித்தது. தோட்டத்தில் "தொரை" என்றால் பங்களாவில் இருப்பவர் அல்லவா! சிரிப்பு அடங்கியதும் பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழுந்து, "துரைசாமின்னா நம்ம ஆளா சேர்?" என்று கேட்டான். ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. மணி அடித்தது, தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

கதையைச் சற்று முன்னிருந்து சொல்ல வேண்டும். கண்டியின் கடைசி அரச வம்சம் நாயக்கர் வம்சம், 1739இல் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து பெண் எடுத்த வழியில் வந்த உறவு அது. அதன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. 1798இல் அவனைச் சிம்மாசனத்தில் ஏற்றியவர் முதல் அதிகாரான பிலிமத்தலாவை. பிள்ளை வயதுக்காரன், சொன்னபடி கேட்பான் என்பது கணக்கு. கணக்குப் பிழைத்தது, ஏற்றியவரின் தலையே போயிற்று. அடுத்து வந்த அதிகார் எகலப்பொல 1814இல் அரசனோடு முரண்பட்டு ஆங்கிலேயரிடம் ஓடினார். பின்னே விட்டுச்சென்ற அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அரச ஆணைப்படி கொல்லப்பட்டார்கள். 1815 பெப்ரவரியில் அரசன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டியில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

இதை அந்நியப் படையெடுப்பு என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. பிரதானிகள் தம் அரசனைக் கவிழ்க்க அந்நியனின் துவக்கை இரவல் வாங்கினார்கள் என்பது மறுபாதி. அரசன் போனால் நாடு நமக்கு, வெள்ளைக்காரன் கொழும்புக்குத் திரும்பிவிடுவான் என்று எண்ணியவர்கள் அவர்களுள் இருந்தார்கள். வெள்ளைக்காரன் திரும்பவில்லை. கண்ணுசாமி வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

இலக்கியத்துக்கு வருகிறேன். அரசன் வீழ்ந்த காலத்தை ஒட்டி எழுந்த சிங்களச் செய்யுள் நூல்கள் இரண்டு, வடிக ஹட்டனவும் கிரல சந்தேசயவும். இரண்டும் எகலப்பொலையைத் தூக்கிப் பிடிப்பவை. வடிக என்ற சொல் வடுகரை, அதாவது நாயக்கரைக் குறிப்பது. இந்நூல்களில் அரசன் கொடியவன் மட்டுமல்லன், அயலானுங்கூட. மக்கள் எல்லாரும் அயலானை வெறுத்தார்கள் என்பதற்கு இவற்றைச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஆங்கிலேயரும் தம் பங்குக்கு அந்த அரசனைப் பெரும் அரக்கனாக வரைந்தார்கள். தாம் வந்ததற்கு அது நல்ல நியாயம் அல்லவா! பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட நூல் அந்தச் சித்திரத்தைத்தான் விரிவாகக் கேள்விக்கு உட்படுத்துகிறது.

சரி, அயலானை விரட்டி இரண்டு வருடம் ஆயிற்று. 1817இல் வெல்லஸ்ஸக் காடுகளில் ஒருவன் தோன்றுகிறான். தான் நாயக்கர் அரச குடும்பத்துத் துரைசாமி என்கிறான். கதிர்காமத் தெய்வம் தன்னைத் தெரிவு செய்தது என்கிறான். சனங்கள் அவன் பின்னால் திரள்கிறார்கள்! செய்யுள் நூல்கள் சொன்ன வெறுப்பு எங்கே போயிற்று? பிரபுவின் ஆதரவில் எழுதும் புலவனின் ஏட்டை ஊராரின் மனம் என்று வாசிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி நான் அறியேன். வெல்லஸ்ஸக் கமக்காரனுக்கு வேண்டியிருந்தது ஓர் அரசன். அந்த அரசன் நாயக்கனாக இருப்பது அவனுக்கு இடறவில்லை. மாறாக, அரசன் என்றால் நாயக்கன்தான் என்று பழகியவன் அவன்.

அந்தத் துரைசாமி உண்மையில் நாயக்கனே அல்லன். வில்பாவ என்ற சிங்களவன், முன்னர் துறவியாய் இருந்தவன். ஒரு சிங்களவன் சிங்கள மக்களிடம் அரசனாவதற்குத் தமிழ்ப் பெயர் பூண்டான் என்பதை, இன்றைய நம் தலையோடு நினைத்துப் பாருங்கள்.

போர் மூண்ட விதம் தெரிந்ததுதான். பழைய பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைக்கும் வகையில் வெல்லஸ்ஸவில் ஹஜ்ஜி என்ற சோனகர் முகாந்திரமாக நியமிக்கப்பட்டிருந்தார். புதியவனைப் பிடிக்கப் போன அவர் கொல்லப்பட்டார். பதுளையில் ஆங்கில அதிகாரியாக இருந்த வில்சன் படையோடு போனார். அவரும் அம்பு பட்டு மாண்டார். ஆள்பதி பிரவுன்றிக், ஊவாவின் திசாவையான கெப்பெட்டிப்பொலையைக் கிளர்ச்சியை அடக்க அனுப்பினார். போனவர் கிளர்ச்சியோடு சேர்ந்துகொண்டார்.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். கொல்லப்பட்ட எகலப்பொல மனைவி, கெப்பெட்டிப்பொலையின் உடன்பிறந்தவள். தங்கை என்றும் தமக்கை என்றும் சொல்வார்கள். எதுவானாலும் சொந்த இரத்தம். நாயக்க அரசனால் சகோதரியையும் மருமக்களையும் இழந்த மனிதர், 1815 உடன்படிக்கையில் கையொப்பம் வைத்த மனிதர், மூன்றாண்டு கழிவதற்குள் நாயக்கன் என்று சொல்லிக்கொண்ட ஒருவனுக்காக வாள் ஏந்துகிறார். அவர் மனத்துள் நடந்ததை எந்த ஆவணமும் சொல்லாது. அங்கேதான் எழுத்தாளனுக்கு வேலை இருக்கிறது.

மற்றவர்கள்? மொல்லிகொட ஆங்கிலேயர் பக்கமே நின்றார். எகலப்பொலையை இரு தரப்பும் சந்தேகித்தன. ஆங்கிலேயர் 1818இல் பிடித்து வைத்து, பின்னர் மொரீசியசுக்கு அனுப்பினார்கள். அங்கே 1829இல் முடிந்தார். தவளம் நடத்திப் பிழைத்த சோனகர் பலருக்குக் கிளர்ச்சிக்காரரைவிட ஆங்கிலேயரின் பாதுகாப்பு மேலாகத் தெரிந்தது. கிளர்ச்சிக்குள்ளேயே பிளவு. மடுகல்லை, அரசனாக இருந்தவனைப் பிடித்துத் தொழுவில் மாட்டி, இவன் போலி என்று ஊரறியச் சொன்னார். ஆங்கிலப் படையில் மலாயரும் ஆபிரிக்கரும் இருந்தார்கள். சென்னையிலிருந்து சிப்பாய்கள் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சிப்பாய்களுள் பெற்றோர் இட்ட பெயராலேயே துரைசாமியாக இருந்தவர்கள் எத்தனை பேரோ! அப்படி ஒருவன் இருந்திருந்தால் அவன் சுட வந்தது துரைசாமி அரசனின் ஆட்களை.

இத்தனை தரப்பு எப்படி வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. உச்சியில் இருந்த ஒருவனைக் கவிழ்த்தால் கீழே கட்டியிருந்த முடிச்சுகள் எல்லாம் ஒன்றாக அவிழும். 2021 பெப்ரவரியில் மியன்மாரில் படையினர் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு அங்கே எத்தனை அணிகள், எத்தனை கொடிகள் என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள்.

1818 பெப்ரவரியில் இராணுவச் சட்டம் வந்தது. வீடுகள் கொளுத்தப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன, கால்நடைகள் போயின. பஞ்சமும் காய்ச்சலும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இறந்த சுதேசிகள் பதினாயிரம் பேரளவு இருக்கலாம் என்று கணக்கிட்டவர் ஜோன் டேவி என்ற படை மருத்துவர். அவருடைய நூல் 1821இல் வந்தது. இந்தப் போருக்கு உரைநடையில் சாட்சி எழுதிய முக்கியமான இருவரும் மருத்துவர்கள். மற்றவர் ஹென்றி மார்ஷல், 1846இல் எழுதியவர். அதிகாரிகளின் கடிதங்களில் கிராமம் என்பது தண்டிக்கப்பட்ட இடம். மருத்துவர்களின் எழுத்தில் அது நோயும் பசியும் கொண்ட மனிதர்கள் கிடக்கும் இடம். இந்த வேறுபாட்டுக்காகவே அவர்களை வாசிக்க வேண்டும்.

கெப்பெட்டிப்பொலையும் மடுகல்லையும் 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் தலை வெட்டப்பட்டார்கள். அந்தக் காலை நேரத்தை மார்ஷல் எழுதியிருக்கிறார். தலதா மாளிகையில் வழிபட்ட கெப்பெட்டிப்பொல, இடுப்பில் சுற்றியிருந்த பழைய துணியைக் காணிக்கையாக்கினார். தம்மிடமிருந்த சிறு பண நூலைச் சோயர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியிடம் சேர்க்கும்படி கொடுத்தார். இருவரும் பதுளையில் ஒன்றாக அலுவல் பார்த்தவர்கள். அந்த நாட்களின் நட்புக்கு அது நன்றி. போரில் ஆறேழு தரப்பு இருந்தது என்றேனே, எந்தத் தரப்புக்குள்ளும் அடங்காத ஒன்று இது. இவ்வளவையும் உருக்கமாக எழுதிய அதே மார்ஷல்தான் கெப்பெட்டிப்பொலையின் மண்டையோட்டை எடுத்து எடின்பரோவுக்குக் கொடுத்தவர். 1948இல்தான் அது நாட்டுக்குத் திரும்பியது. இன்று கண்டியில் நினைவுத்தூணின் கீழ் இருக்கிறது.

2016 டிசம்பரில், 1818இல் துரோகிகள் எனப் பிரகடனம் செய்யப்பட்ட 19 பேருடைய பெயரிலிருந்து அந்தக் களங்கம் வர்த்தமானி மூலம் நீக்கப்பட்டது. நல்ல காரியம். கெப்பெட்டிப்பொலையோடு கதிர்காம தேவாலயத்துப் பெத்மராளையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் மேடைகளில் அவர்களைப் பற்றிப் பேசியவர்களிடம், எந்தப் பெயர் கொண்ட அரசனுக்காக அவர்கள் எழுந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. அது கதைக்கு வசதியில்லாத பெயர்.

நம் ஆட்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, ஆனால் பெருமைப்படும் பங்கு அல்ல. எரிந்து ஆளொழிந்த ஊவா, 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் கோப்பித் தோட்டமாயிற்று. அந்தத் தோட்டத்துக்குத்தான் நம் பாட்டன்மார் மன்னாரில் இறங்கி நடந்து வந்தார்கள். கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதலில் காணப்பட்டதும் இதே ஊவாவில், மடுல்சீமையில். அது வேறு கதை. பாட்டன்மாருக்கு முந்திய எரிப்பு தெரியாது. காணி இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு, மலையில் புதிதாகக் கண்ட முகம் நம்முடையது. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது "வந்தவர்கள்" என்ற சொல் எங்கள் காதில் விழுந்தது. வில்பாவ துரைசாமி ஆன கதையை அன்று யார் யாருக்குச் சொல்வது?

அந்தப் பையனுக்கு இன்று பதில் சொல்வதானால் இப்படிச் சொல்வேன்: துரைசாமி நம்ம ஆள் இல்லை. ஆனால், நம்ம ஆள் போல ஒரு பெயர் இருந்தால்தான் அரசன் என்று ஊவாவில் நம்பிய ஒரு காலம் இருந்தது.

தமிழில் வில்பாவ பற்றி ஒரு நாவலோ நாடகமோ என் கண்ணில் படவில்லை. அவன் தப்பியோடி, பத்தாண்டுக்கு மேல் மறைந்து வாழ்ந்து, பிடிபட்டு, மரண தண்டனை பெற்று, மன்னிக்கப்பட்டான். இந்த வானொலியைக் கேட்கும் இளைய எழுத்தாளர் யாராவது எழுதுவதானால், முடிசூட்டில் தொடங்க வேண்டாம். தொழுவில் கால் மாட்டிக் கிடக்கும் அந்த நாளில் தொடங்குங்கள். நேற்றுவரை கும்பிட்டவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒரு கிழவி மட்டும் இன்னும் அவனை "தேவயன் வகன்சே" என்று அழைக்கிறாள். அவனுக்குத் திரும்பிப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.