காலண்டரில் ஒரு சுழி



மேலநீலிதநல்லூர் டீக்கடையில், கார்த்திகை மேகம் கூடினால் ஒரு பெரியவர் சொல்லுவார்: "தொண்ணூத்திரெண்டு மாதிரியில்லா இருட்டிக்கிட்டு வருது!"

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் பனி எத்தனை அங்குலம் விழும் என்று கணிக்கிறவர்களும் இப்படிப் பார்ப்பதுண்டு. வரப்போகும் புயலின் சாடையில் இருக்கும் பழைய பனிப்புயல்களைத் தேடியெடுத்து, அன்றைக்கு எங்கே எவ்வளவு விழுந்தது என்று பார்ப்பார்கள். நம் கரிசலுக்குப் பனிப்புயல் ஏது? மழைக்கு வருவோம்.

பெரியவர் சொல்லும் அந்த 1992 நவம்பரில், மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் ஒரே நாளில் 96.5 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 94.6. கேட்டால் இரட்டைப் பிள்ளைகள் என்பீர்கள். ஆனால் முன்னது மலையில் கொட்டி, தாமிரபரணி வெள்ளமாக இறங்கியது. பின்னது கடலோரச் சமவெளியிலேயே கொட்டி, குளங்களை உடைத்தது; செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தியது. அதைக் கொண்டுவந்தது புயல்கூட இல்லை, வெறும் மேலடுக்குச் சுழற்சி!

ஆக, ஒப்பிடுவதற்கு நினைவு மட்டும் போதாது, நோட்டு வேண்டும். இந்த நோட்டு இருக்கிறதே, அது என் பைத்தியம். பள்ளியில் புவியியல் நடத்திய காலத்தில், பிள்ளைகளை வைத்து மழைமானி பார்ப்பேன். ஒருமுறை எங்கள் நோட்டை ஒரு சம்சாரி வீட்டுக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். மழை பெய்த நாளையெல்லாம் அவர் சுழித்து வைத்திருந்தார். பாதி மழை எங்கள் நோட்டில் ஒருநாள் தள்ளி இருந்தது! பிள்ளைகளைத் திட்டினேன். தப்பு அவர்களுடையது அல்ல. நாங்கள் அளப்பது காலை எட்டரைக்கு. முந்தின நாள் எட்டரையிலிருந்து பெய்ததெல்லாம் அளக்கிற நாளின் தேதியில்தான் ஏறும். காயல்பட்டினத்து 94.6கூட 18-ஆம் தேதிக் கணக்கு. வானம் பொத்துக்கொண்டதோ 17, ஞாயிற்றுக்கிழமை. இது தெரியாமல் ஜோடி தேடினால், காற்று ஒருநாள், மழை ஒருநாள் என்று முடிச்சுப் போட்டுவிடுவோம்.

தேதி சரியாக இருந்தாலும் ஜோடி எளிதில் சிக்காது. 1969-இல் வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ், ஐந்தாண்டு வானிலைப் பதிவுகளில் ஜோடி தேடினார். அச்சு அசலாக ஒத்த ஜோடி ஒன்றுகூடச் சிக்கவில்லை. அதனால் பெரியவரே, "தொண்ணூத்திரெண்டு மாதிரி" என்று தாராளமாகச் சொல்லுங்கள். எதில் மாதிரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருகிற ஐப்பசியில் நம் மானாவாரிக்கு இரண்டு உழவு மழை விழட்டும். உங்கள் வீட்டுக் காலண்டர் பக்கத்தில் ஒரு பேனாவும் தொங்கட்டும்.