பிரேசிலின் சிறு நகரில் சிக்கன வாழ்வு

பிறநாடு ஒன்றிற் குடியேறிக் குறைந்த செலவில் நிறைவாக வாழலாம் என்னும் எண்ணம் இன்று பலருக்கு உண்டு. ஓய்வூதியம் பெறுவோரும், இருந்த இடத்திலிருந்தே இணையத்தின் வழியாகத் தொழில் புரிவோரும் இவ்வெண்ணத்தோடு நாடும் தேசங்களுள் ஒன்று பிரேசில். ரியோ டி ஜனெய்ரோ, சாவோ பாவுலோ ஆகிய மாநகரங்களின் வாடகை அவர்களை அஞ்சச் செய்யலாம். ஆனால், அந்நாட்டின் உட்பகுதியிற் சிறு நகரங்கள் பல உள. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, மலிவு என்பது அங்கே எதில் இருக்கிறது, யாருக்கு இருக்கிறது என்று ஆராய்வது பயனுடையதாகும்.

மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்து மலைகளிடையே அமைந்தது சாவோ ஜோவோ டெல் ரேய் நகரம். பொன் தேடி வந்தோரால் உருவான இவ்வூர் 1713 ஆம் ஆண்டிற் பட்டணமென்னும் தகுதியைப் பெற்றது. பொன் அருகிப் போயிற்று, தேவாலயங்கள் நிலைத்தன. அவற்றின் மணிகள் ஒலிக்கும் முறையைக் கொண்டே, நடப்பது திருவிழாவா, இறுதிச் சடங்கா என்று ஊரார் அறிவர். இன்று ஏறக்குறைய 90 ஆயிரம் மக்கள் வாழும் இந்நகரில் ஒரு பல்கலைக்கழகமும் உண்டு.

இத்தகைய நகரொன்றில் முதலில் மலிவாகத் தோன்றுவது உணவு. அரிசியும் அவரை விதையும் அந்நாட்டவரின் அன்றாட உணவு. மரவள்ளி, வாழைப்பழம், பப்பாளி, கோப்பி என்பனவெல்லாம் அம்மண்ணிலேயே விளைபவை. வாரச் சந்தை கலையும் வேளையில் வியாபாரிகள் விலையைக் குறைத்துக் கூவி விற்பர். உணவுச்சாலைகள் பலவற்றில் வேண்டியதைத் தட்டில் எடுத்துத் தராசில் வைத்து, நிறைக்கேற்பப் பணம் கொடுக்கலாம். ஆனால் கணினி, கைத்தொலைபேசி, மோட்டார் வண்டி ஆகியவற்றின் விலையோ வரிகளால் மிக உயர்ந்தது. பிறந்த நாட்டுப் பண்டங்களையே தேடி உண்பவனுக்குப் பிரேசில் மலிவான நாடன்று. ஊரார் உண்பதை உண்பவனுக்கே அது மலிவு.

அடுத்தது வீடு. வாடகை குறைவாயினும், வாசலைத் திறப்பது எளிதன்று. வாடகைக்குப் பிணை நிற்க ஒருவரைக் காட்டும்படி உரிமையாளர் கேட்பது வழக்கம். புதிதாக வந்த அந்நியனுக்கு யார் பிணை நிற்பார்? 1991 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, அதற்குப் பதிலாக முன்பணம் கொடுக்கலாம்; அது மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. ஒரே ஒப்பந்தத்திற்கு இருவகைப் பிணை கேட்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. இதனை அறியாதவன் கேட்டதெல்லாம் கொடுத்து ஏமாறுவான்.

மின்சாரச் செலவுக்கும் மழைக்கும் அங்கே தொடர்புண்டு. அந்நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்வீழ்ச்சி விசையிற் பெறப்படுவது. நீர்த்தேக்கங்கள் வற்றுங் காலத்தில், 2015 முதல் நடைமுறையிலுள்ள திட்டப்படி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் அடையாளங்களோடு கட்டணம் ஏறும். மலைநாட்டுக் குளிரில் மின்சாரத்தாற் சூடேறும் நீரில் நெடுநேரம் குளிப்பவன், மாத முடிவில் அதன் விலையை உணர்வான்.

நோயுற்றோருக்கு ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. 1988 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சுகாதாரத்தை எல்லோருக்கும் உரிய உரிமையாக்கியது. பொதுச் சுகாதார நிலையங்களிற் பிறநாட்டவரும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். ஆனால் காத்திருத்தல் உண்டு. நோயைச் சொல்ல மொழியும் வேண்டும்.

அந்த மொழி போர்த்துக்கேயம். இலங்கைத் தமிழருக்கு அது முற்றிலும் அயலானதன்று. பாண், மேசை, யன்னல், சாவி, சப்பாத்து என்று நாம் நாள்தோறும் வழங்குஞ் சொற்கள் போர்த்துக்கேயர் வழி வந்தவையே. அவற்றின் உடன்பிறப்புகளை அந்நகரத்துக் கடைவீதியிலும் கேட்கலாம். ஆயினும் ஐந்து சொற்கள் மொழியாகா. மொழி கற்றவன் ஊரார் விலையிற் கொள்வான். கல்லாதவன் அந்நியன் விலையிற் கொள்வான்.

இனிச் சட்டத்தையும் நாணயத்தையும் நோக்குவோம். தொலைவிலிருந்து தொழில் புரிவோர்க்கென 2022 இல் நடைமுறைக்கு வந்த விசா, மாதந்தோறும் 1,500 அமெரிக்க டொலர் வருமானத்தையோ, 18,000 டொலர் சேமிப்பையோ கேட்கிறது. பன்னிரண்டு மாதத்துள் 183 நாளுக்கு மேல் அங்கே தங்குவோர் பொதுவாக அந்நாட்டு வரிச் சட்டத்துக்கு உட்படுவர். பிறநாட்டிற் பெறும் வருமானமும் கணக்கில் வரும். டொலர் ஒன்றுக்கு 2011 இன் நடுப்பகுதியில் ஏறக்குறைய 1.6 ரேயால் கிடைத்தது; 2024 இன் இறுதியில் 6 ரேயாலுக்கு மேற் கிடைத்தது. காற்று ஒரே திசையில் வீசுவதில்லை. நாணய மாற்றை மட்டும் நம்பி வீடு கட்டுவோன் மணலிற் கட்டுவோன் ஆவான்.

இவையனைத்தினும் சிந்தைக்குரியது வேறொன்று. 2025 இல் பிரேசிலின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,518 ரேயால். விசா கேட்கும் 1,500 டொலரோ அவ்வாண்டு நாணய மாற்றில் அதன் ஐந்து மடங்கைத் தாண்டியது. அந்நியன் மலிவென்று மகிழும் அதே விலையை, அடுத்த வீட்டுக்காரர் ஐந்திலொரு பங்கு வருமானத்திற் கொடுக்கிறார். கேட்ட வாடகையைப் பேரமின்றிக் கொடுக்கும் செல்வர் சிலர் வந்தால், வாடகை உயரும். அதன் சுமை ஊரார் தோளில் விழும்.

ஆதலால் அங்கே குடியேறுவோர்க்குச் சில கடமைகள் உண்டு. ஒரே வீட்டில் வாரத்தில் இரு நாளுக்கு மேல் வேலை செய்பவரை, 2015 ஆம் ஆண்டின் சட்டம் முழு உரிமையுள்ள தொழிலாளி என்கிறது. அவரைப் பதிவு செய்து, பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தையும் சேமநிதியையும் கொடுத்தல் வேண்டும். அதனைத் தவிர்த்து மிச்சப்படுத்துவது சிக்கனமன்று. பிறர் உழைப்பைக் களவாடுவதே ஆகும்.

சிக்கனம் என்பது தன் தேவையைக் குறைத்தல். பிறர் பங்கைக் குறைத்தல் அன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்து செல்பவனை அச்சிறு நகரம் தன் மக்களுள் ஒருவனாக ஏற்கும். அவன் வீட்டில் மரணம் நேர்ந்தால், அவனுக்காகவும் அந்த மணிகள் ஒலிக்கும். அயலவரும் வந்து நிற்பர்.